பெட்ரோல் பங்கின் தாய்வீடு மளிகைக் கடை!
வடசென்னையின் பழைய பங்க்குகளும் மோட்டார் ஷோரூம்களும்: வரலாறு தேடுவது எப்படி, எதற்கு?



ஒரு கட்டடத்தைப் பார்த்தால் வியாபாரிக்கு முதலில் தோன்றுவது மூன்று கேள்விகள்தான். வாடகை எவ்வளவு? லாரி வந்து நிற்க இடம் உண்டா? மழைக்கு ஒழுகுமா? நான்காவதாக ஒரு கேள்வியும் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. இந்தக் கட்டடம் முன்பு என்னவாக இருந்தது?

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரை போகும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இன்று அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் அடுக்கி வைத்திருக்கும் பல கிடங்குகள் கிடங்காகக் கட்டப்பட்டவை அல்ல. மோட்டார் பழுது பார்த்த ஷெட்டுகளும், லாரி புக்கிங் ஆபீஸ்களும், பெட்ரோல் பங்க்குகளும் காலப்போக்கில் நம் கைக்கு வந்திருக்கின்றன. அவற்றின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்வது பொழுதுபோக்கு மட்டுமல்ல. சரக்கின் பாதுகாப்பும், சில சமயம் சொத்தின் மதிப்பும் அதில் அடங்கியிருக்கிறது.

மளிகைக் கடையில் பிறந்த பம்பு

பெட்ரோல் பங்கிற்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நெருங்கிய சம்பந்தம் உண்டு. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் போர்ட் வேய்ன் என்று ஓர் ஊர். அங்கே ஜேக் கம்பர் என்ற மளிகைக் கடைக்காரர் இருந்தார். அவர் கடையில் சீமெண்ணெய்ப் பீப்பாயும் வெண்ணெய்ப் பீப்பாயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததாகவும், சீமெண்ணெய் கசிந்து வெண்ணெயில் வாடை ஏறி வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்ததாகவும் சொல்வார்கள். அவருக்காக 1885-ஆம் ஆண்டு சில்வேனஸ் போசர் என்பவர் ஒரு பம்பு செய்து கொடுத்தார். கைப்பிடியை இழுத்தால் அளந்த எண்ணெய் வரும். கொட்டாது, சிந்தாது. உலகத்தில் பெட்ரோல் பம்புக்கு மூதாதை அந்தச் சீமெண்ணெய்ப் பம்புதான். கார் பெருகிய பிறகு, 1905 வாக்கில், அதே போசர் கம்பெனி பெட்ரோலுக்கான பம்பைக் கொண்டு வந்தது. கார் உள்ளே வந்து எண்ணெய் போட்டுக்கொண்டு வெளியே போவதற்கென்றே கட்டிய நிலையம் 1913 டிசம்பரில் பிட்ஸ்பர்க் நகரில் கல்ஃப் கம்பெனியால் திறக்கப்பட்டது.

அதற்கும் முன்னால், 1888-இல், கார் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு ஜெர்மனியில் முதல் நெடும்பயணம் போனார். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லாக் என்ற ஊரின் மருந்துக் கடையில்தான் வாங்கி ஊற்றினார். ஆக, உலகின் முதல் பெட்ரோல் பங்க் ஒரு மருந்துக் கடை. முதல் பம்பு நின்ற இடம் ஒரு மளிகைக் கடை. சில்லறை வியாபாரிகளாகிய நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்!

நம் ஊரிலும் கதை அப்படித்தான். எங்கள் அப்பா கடையில் சீமெண்ணெய் டிரம் அரிசி, பருப்பு இருக்கும் பக்கமே வராது. வாசலுக்கு வெளியே, தனி லிட்டர் அளவை, தனிப் புனல், கை துடைக்கத் தனித் துணி. சீமெண்ணெய் அளந்த கையோடு சர்க்கரை அளந்தால் அடி விழும். போர்ட் வேய்ன் கடைக்காரருக்கு 1885-இல் தெரிந்த பாடம் ராயபுரம் கடைக்காரருக்கும் தெரிந்திருந்தது.

டின்னில் வந்த எண்ணெய்

பெட்ரோல் முதலில் பம்பில் வரவில்லை, டின்னில்தான் வந்தது. சீமெண்ணெய் நான்கு கேலன் டின்னில், அதாவது சுமார் 18 லிட்டர். காலி டின்னை நம் மக்கள் விட்டார்களா? தண்ணீர் எடுத்தார்கள், அரிசி கொட்டி வைத்தார்கள், வெட்டி விரித்துக் கூரை போட்டார்கள். இன்று நாம் விற்கும் 15 கிலோ எண்ணெய் டின்னைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய சதுர டின்தான் ஞாபகம் வரும்.

இந்த எண்ணெய் வந்து இறங்கிய இடம் நம் வடசென்னைதான். பர்மாவிலிருந்து கப்பலில் வந்து துறைமுகத்தை ஒட்டிய தொட்டிகளில் சேர்ந்தது. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசியதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது குறி வைத்ததே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைத்தான். தொட்டிகள் எரிந்தன, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. ஊரே பயந்து வெளியேறியது. கெட்டிக்காரத்தனமும் துணிச்சலும் உள்ளவனை 'சரியான எம்டன்' என்று சொல்லும் வழக்கு அன்று பிறந்ததுதான்.

1928-இல் பர்மா ஆயிலும் ஷெல் கூட்டமும் இந்திய வியாபாரத்தை ஒன்றாக்கி பர்மா ஷெல் என்ற கம்பெனியை அமைத்தன. அதன் மஞ்சள் சிவப்புப் பலகை ஊருக்கு ஊர் ஏறியது. பிறகு மணலியில் சுத்திகரிப்பு ஆலை வந்தது. மெட்ராஸ் ரிபைனரீஸ் கம்பெனி 1965 டிசம்பரில் பதிவாகி 1969-இல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பு வரை நமக்கு வேண்டிய பெட்ரோலும் டீசலும் முக்கியமாகக் கப்பல் வழியே வந்து, துறைமுகத்திலிருந்து தண்டையார்பேட்டைப் பக்கம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஊருக்கெல்லாம் போயின. வடசென்னையின் மண்ணுக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவு நூறாண்டுக்கு மேற்பட்டது என்பதை மனத்தில் வையுங்கள். பின்னால் இது வேலைக்கு வரும்.

மவுண்ட் ரோடு ஷோரூம், வடசென்னைத் தொழிற்சாலை

மோட்டார் கம்பெனிகளின் அழகான முகப்புகள் மவுண்ட் ரோட்டில் இருந்தன என்றாலும், வேலை செய்யும் கைகள் நம் பக்கம் இருந்தன. 1840-இல் குதிரை வண்டி கட்டும் கம்பெனியாகத் தொடங்கிய சிம்ப்சனில் 1903-ஆம் ஆண்டு சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். வண்டி கட்டியவர்களே மோட்டாருக்குக் கூடு கட்டுபவர்களாக மாறினார்கள். இது சென்னையில் மட்டுமல்ல, உலகெங்கும் நடந்தது. சென்னையில் பதிவான முதல் காரான எம்.சி. 1, துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வைத்திருந்தது என்பார்கள். கணித மேதை ராமானுஜன் 1912-இல் குமாஸ்தாவாகச் சேர்ந்தது இவருடைய அலுவலகத்தில்தான்.

அந்தக் காலத்துக் கார்கள் பெரும்பாலும் முழு வண்டியாக வராமல் மரப்பெட்டிகளில் பாகங்களாக வந்தன. துறைமுகத்தில் இறக்கி இங்கே பூட்டுவார்கள். சுதந்திரம் வந்ததும் இந்தத் தொழில் வடக்கு நோக்கி நகர்ந்தது. ரகுநந்தன் சரண் 1948 செப்டம்பரில் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். அசோக் என்பது அவருடைய மகன் பெயர். எண்ணூரில் 1949-இல் ஆஸ்டின் ஏ-40 கார் பூட்டப்பட்டது. சில ஆண்டுகளில் லேலண்ட் லாரிக்கு மாறினார்கள். 1955-இல் பெயரும் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரில் முதலில் ஓடியது காரா, லாரியா என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கார் என்று எத்தனை பேர் சொல்வார்கள்?

திருவொற்றியூர்க் கதை வியாபாரிகளுக்கு இன்னும் சுவையானது. மெட்ராஸ் மோட்டார்ஸ் என்பது இங்கிலாந்திலிருந்து மோட்டார் சைக்கிள் வரவழைத்து விற்ற ஒரு டீலர். 1950-களில் ராணுவத்துக்கு 800 புல்லட் வண்டிகள் வேண்டுமென்று ஆர்டர் வந்தது. அதன் தொடர்ச்சியாக 1955-இல் என்பீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. விற்றுக்கொண்டிருந்தவர் தயாரிப்பாளர் ஆனார். பிற்காலத்தில் இங்கிலாந்தில் அந்தத் தாய்க் கம்பெனி மூடப்பட்டது. பெயர் மட்டும் நம் திருவொற்றியூரால் பிழைத்து இன்று உலகமெல்லாம் ஓடுகிறது.

எம்.ஆர்.எப். கதையும் இந்த மண்ணுடையதே. மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் திருவொற்றியூரில் ஒரு சிறிய ஷெட்டில் பலூன் செய்து விற்கத் தொடங்கினார். 1949-இல் தம்புச் செட்டித் தெருவில் அலுவலகம். 1952-இல் பழைய டயருக்கு மேல் ஒட்டும் டிரெட் ரப்பர். 1961-இல் டயர். நம் ஜார்ஜ் டவுன் தெருவில் ஒரு மாடி அறை எவ்வளவு பெரிய மரத்துக்கு விதையாக இருந்திருக்கிறது பாருங்கள். இன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து கார்கள் வெளிநாட்டுக்குக் கப்பலேறுகின்றன. பெட்டியில் வந்து இறங்கிய கார், முழு வண்டியாகத் திரும்பிப் போகிறது!

கட்டடமே சாட்சி

இனி, ஒரு கட்டடத்தின் பூர்வீகத்தை அறிவது எப்படி என்று பார்ப்போம். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திக் கடைக்கு வந்தவன். வரலாற்று ஆராய்ச்சியாளன் அல்ல. ஆனால் சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லப் பழகிய நமக்கு இது வராத வித்தை அல்ல.

முதலில் இடத்தைப் பாருங்கள். பழைய பங்க் பெரும்பாலும் தெருமுனையில் இருக்கும். வண்டி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வசதி வேண்டும். கட்டடம் சாலையை ஒட்டி இராமல் நன்றாக உள்ளே தள்ளி இருக்கும். முன்னால் தூண் வைத்த ஒரு கொட்டகை இருக்கலாம். தரையில் எங்காவது வட்டமான இரும்பு மூடி உண்டா? தொட்டியில் எண்ணெய் இறக்கும் வாய் அது. சுவரோரமாக மேலே போகும் ஒல்லியான இரும்புக் குழாய், எதற்கென்று தெரியாமல் மொட்டையாக நிற்கிறதா? தொட்டியின் ஆவி வெளியேறும் குழாய் அது. குழாய் நிற்கிறது என்றால் கீழே தொட்டி இருக்கிறதா என்று விசாரித்தே ஆக வேண்டும்.

மோட்டார் ஷோரூம் என்றால் வேறு அடையாளம். முகப்பில் அகலமான திறப்பு, நடுவில் தூண் இல்லாமல் இரும்பு உத்தரத்தில் நிற்கும் உயரமான கூடம். பின்பக்கம் சரிவான பாதை. ஷெட்டில் ஆள் இறங்கி வண்டியின் அடிப்பாகத்தைப் பார்க்கும் நீளப் பள்ளம். இந்தப் பள்ளத்தைப் பெரும்பாலும் மண் போட்டு மூடிச் சிமெண்டு பூசியிருப்பார்கள். ஆனால் சில ஆண்டுகளில் அந்த நீள வடிவத்தில் தரை கொஞ்சம் இறங்கிவிடும். உத்தரத்தில் செய்த கம்பெனியின் பெயர் வார்ப்பு எழுத்தில் இருக்கும். உச்சிச் சுவரில் சுண்ணாம்பு அடித்து அடித்து மங்கிய எழுத்துகள் சாய்வெயிலில் தெரியும். காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் போய்ப் பாருங்கள். நண்பகலில் தெரியாது.

பெயரை வைத்தே காலம் சொல்லலாம்

பழைய பலகை, ரசீது, பத்திரம் ஏதாவது கிடைத்தால் அதிலுள்ள கம்பெனிப் பெயரே காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பர்மா ஷெல் என்றிருந்தால் 1928-க்குப் பிறகு, 1976-க்கு முன்பு. அந்த ஆண்டு ஜனவரியில் அரசு எடுத்துக்கொண்டது. 1977 ஆகஸ்டு முதல் பாரத் பெட்ரோலியம் என்று பெயர்.

ஸ்டாண்டர்ட் வாக்குவம் என்றிருந்தால் 1930-களுக்கும் 1962-க்கும் இடையில். எஸ்ஸோ என்றிருந்தால் 1962-க்கும் 1974-க்கும் இடையில். அதன் பிறகு ஹிந்துஸ்தான் பெட்ரோலியம்.

கால்டெக்ஸ் நட்சத்திரம் இருந்தால் 1978-க்கு முந்தையது. அந்த ஆண்டு ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தோடு சேர்ந்தது.

இந்தியன் ஆயில் 'கம்பெனி' என்றிருந்தால் 1959-க்கும் 1964-க்கும் இடையில். 'கார்ப்பரேஷன்' என்றால் அதற்குப் பிறகு. ஐ.பி.பி. என்றால் 2007-க்கு முன்பு. அந்த ஆண்டு இந்தியன் ஆயிலுடன் இணைந்தது.

அசோக் மோட்டார்ஸ் என்றால் 1948-க்கும் 1955-க்கும் இடையில் என்பதை மேலேயே பார்த்தோம்.

விலை அணாவில் எழுதியிருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. அன்றுதான் நயா பைசா வந்தது. முகவரியில் 'மெட்ராஸ்-13' என்று மட்டும் இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். '600 013' என்று முழுதாக இருந்தால் பின்கோடு வந்த பிறகு. பழைய பெயிண்டர்கள் தங்களுக்குத் தெரியாமலே தேதி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

காகிதம் கிடைக்கும் இடங்கள்

கட்டடத்தைப் பார்த்துக் கணித்ததைக் காகிதத்தில் உறுதி செய்ய வேண்டும். அதற்கு ஒழுங்கு உண்டு.

ஒன்று: கதவு எண். சென்னையில் ஒரே கட்டடத்துக்குப் பழைய எண், புதிய எண் இரண்டும் உண்டு. தெருப் பெயரும் மாறியிருக்கலாம். மாநகராட்சிச் சொத்து வரி ரசீதில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, முதலில் இதைச் சரிசெய்துகொள்ளாமல் தேடினால் வேறு யாரோ ஒருவரின் வரலாற்றைத் தேடிக்கொண்டிருப்போம்.

இரண்டு: சார் பதிவாளர் அலுவலகம். வில்லங்கச் சான்று எடுப்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் நாம் 13 ஆண்டு, 30 ஆண்டு என்று நிறுத்திவிடுகிறோம். இணையத்தில் கிடைக்கும் காலத்துக்கும் முன்னால் வேண்டுமென்றால் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். பங்க் இருந்த இடமானால் எண்ணெய்க் கம்பெனிக்குக் கொடுத்த குத்தகைப் பத்திரம் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். பத்திரத்தோடு வரைபடம் இணைத்திருந்தால் தொட்டி எங்கே என்பதே தெரிந்துவிடும்.

மூன்று: பழைய டைரக்டரிகள். அசைலம் பிரஸ் அல்மனாக் என்று சென்னையில் வருடா வருடம் கனமான புத்தகம் ஒன்று வந்துகொண்டிருந்தது. தெரு, கம்பெனி, தொழில் என்று பிரித்து விவரம் கொடுப்பார்கள். இப்படிப்பட்ட நூல்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகத்தையும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் அணுகலாம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த மோட்டார் விளம்பரங்களில் முகவரி இருக்கும்.

நான்கு: உரிமம். பெட்ரோலியச் சட்டம் 1934-இல் வந்தது. பூமிக்கடியில் தொட்டி வைத்துப் பெட்ரோல் விற்க வெடிமருந்துத் துறையின் உரிமம் வேண்டும். இப்போது பெசோ என்று அழைக்கப்படும் அந்தத் துறைக்குத் தலைமையகம் நாக்பூர், சென்னையிலும் அலுவலகம் உண்டு. உரிமத்தோடு தொட்டிகளின் எண்ணிக்கையும் கொள்ளளவும் காட்டிய வரைபடம் இருக்கும்.

ஐந்து: பெரியவர்கள். இதை முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டுமென்றே கடைசியில் எழுதுகிறேன். ஒரு பத்திரத்தையோ படத்தையோ கையில் வைத்துக்கொண்டு கேட்டால் அவர்களுக்கு ஞாபகம் ஊற்றெடுக்கும். வெறுங்கையோடு போய் 'இங்கே முன்னால் என்ன இருந்தது' என்றால் 'ஏதோ கம்பெனிப்பா' என்று முடிந்துவிடும். பழைய மெக்கானிக், டயர் பஞ்சர் கடைக்காரர், எதிர்க்கடை டீ மாஸ்டர், மூட்டை தூக்கும் தொழிலாளி, இவர்கள் சொல்வது முதலாளிகள் சொல்வதைவிடத் துல்லியமாக இருக்கும்.

மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது?

இவ்வளவு தேடலும் எதற்கு என்பதற்கு நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நண்பர் ஒருவர், நம்மைப் போல் பருப்பு மொத்த வியாபாரி, நெடுஞ்சாலையில் ஒரு பழைய ஷெட்டை வாடகைக்கு எடுத்தார். வாடகை மலிவு, லாரி உள்ளேயே வரும். முதல் ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. மழைக்காலம் வந்ததும், ஒரு மூலையில் அடுக்கிய துவரம் பருப்பு மூட்டைகள் திரும்பி வந்தன. வேக வைத்தால் சீமெண்ணெய் வாடை அடிக்கிறது என்றார்கள் கடைக்காரர்கள். லாரியில் ஏதோ கொட்டியிருக்கும் என்று டிரைவரைச் சந்தேகப்பட்டார்கள். கூலி ஆட்களைச் சந்தேகப்பட்டார்கள். இரண்டாம் முறையும் அதே மூலை.

நானும் அவரும் போய்ப் பார்த்தோம். பின்சுவரில் மொட்டையாக ஒரு குழாய் நின்றது. கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். எதிரே பஞ்சர் கடைப் பெரியவர் கேட்டதும் சிரித்தார். "அது பங்க்குதானே அண்ணாச்சி. நான் பையனா இருந்தப்போ அங்கதான் காத்து அடிப்போம்." பழைய வில்லங்கம் எடுத்தோம். மோட்டார் ஷெட், பிறகு பங்க், பிறகு லாரி புக்கிங் ஆபீஸ், பிறகு கிடங்கு என்று வரிசை தெரிந்தது. பங்க்கை மூடியவர்கள் பம்பை எடுத்துக்கொண்டு போனார்களே தவிர, தொட்டியைத் தோண்டி எடுக்கவில்லை. மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது அடியில் தங்கிய எண்ணெயின் வாடையும் மேலே ஏறியிருக்கிறது.

நண்பருக்கு அடுத்து வந்த யோசனைதான் ஆபத்தானது. பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர், 'தோண்டி, வெட்டி எடுத்துக்கொள்கிறேன், காசும் தருகிறேன்' என்றார். இங்கே ஒவ்வொரு வியாபாரியும் கவனிக்க வேண்டும். நிரம்பிய தொட்டியைவிடக் காலித் தொட்டி அபாயமானது. காலி என்று நாம் நினைப்பது உண்மையில் ஆவி நிறைந்த தொட்டி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பள்ளத்திலும் தொட்டியிலும் தங்கி நிற்கும். கேஸ் கட்டர் வைத்தால் ஒரு பொறி போதும். ஆள் உள்ளே இறங்கினால் மூச்சுத் திணறும். எண்ணெயை வெளியேற்றி, ஆவி நீக்கி, அளந்து சான்று பெற்ற பிறகே தொட்டியைத் தொட வேண்டும். அதற்குரிய தகுதி பெற்றவர்களையும் வெடிமருந்துத் துறையையும் கேட்காமல் யாரும் கை வைக்கக்கூடாது.

நண்பர் அந்த இடத்தை விட்டுவிட்டார். சரக்கில் போன நஷ்டத்தைவிட நல்ல பெயருக்கு வந்த சேதத்தைத்தான் அவர் பெரிதாக நினைத்தார். பருப்பு, மாவு, சர்க்கரை, டீத்தூள் எல்லாம் வாடையை இழுத்துக்கொள்ளும் சரக்குகள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் கீழ் சரக்கு வைக்கும் இடத்தின் சுத்தத்துக்கு நாம்தான் பொறுப்பு. 'கீழே தொட்டி இருந்தது எனக்குத் தெரியாது' என்று சொல்லி அதிகாரியிடம் தப்ப முடியாது. 2013-இல் தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்து கிணற்று நீரிலும் போர் தண்ணீரிலும் எண்ணெய் கலந்ததை நம் பகுதி மறந்திருக்காது.

குத்தகைக் கதை

இன்னொரு பக்கமும் உண்டு. நம்மில் சிலருடைய பாட்டனார்கள் ரோட்டோர மனையை எண்ணெய்க் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டவர்கள். வெள்ளைக்காரக் கம்பெனி, மாதம் பிறந்தால் வாடகை வரும் என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். எஸ்ஸோவை 1974-இலும், பர்மா ஷெல்லை 1976-இலும் அரசு ஏற்றபோது தனித்தனிச் சட்டங்கள் வந்தன. குத்தகைக் காலம் முடிந்தாலும், மத்திய அரசு விரும்பினால் அதே நிபந்தனையில் புதுப்பிக்கலாம் என்று அவற்றில் ஒரு பிரிவு இருந்தது. அதே நிபந்தனை என்றால் அதே வாடகை! பக்கத்துக் கடை வாடகை ஆயிரக்கணக்கில் ஏற, பங்க் மனைக்காரருக்கு நூற்றுக்கணக்கிலேயே நின்றது. 1921-ஆம் ஆண்டின் சிட்டி டெனன்ட்ஸ் சட்டத்தையும் காட்டி, 'கட்டடம் எங்களுடையது, மனையை எங்களுக்கே விற்க வேண்டும்' என்று கம்பெனிகள் வழக்காடியதும் உண்டு. உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குகள் பல. பர்மா ஷெல் சட்டம் 2016-இல், பயன் முடிந்த பழைய சட்டங்களை நீக்கியபோது நீக்கப்பட்டுவிட்டது.

பூர்வீகம் பணமாகும் இடம் இதுதான். குத்தகை எந்த ஆண்டு, எந்தக் கம்பெனி பெயரில், வெறும் மனைக்கா அல்லது கட்டடத்தோடா, புதுப்பித்தது எத்தனை முறை என்ற நான்கு விஷயங்களில் தீர்ப்பே மாறும். மூலப் பத்திரம் இல்லாமல் வக்கீலிடம் போனால் அவர் என்ன செய்வார்? பங்க் இருந்த மனையை வாங்க நினைப்பவர்களும் இதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது.

நாம் செய்யக்கூடியது

பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிந்துகொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று வியாபாரியாகிய நான் சொல்லமாட்டேன். இடம் இருந்தால்தானே தொழில். ஆனால் இடிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைக்கச் செலவு என்ன? 1856-இல் ரயில் ஓடிய ராயபுரம் நிலையத்துக்கு ஊரறிந்த பெயர் இருக்கிறது. கிரீஸ் கறை படிந்த ஒரு மோட்டார் ஷெட்டுக்கு நாம்தான் பெயர் சொல்ல வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. தெருவுக்கு ஒரு உறுப்பினர் பொறுப்பெடுத்து, தம் தெருவில் பங்க்காகவோ மோட்டார் ஷோரூமாகவோ இருந்த கட்டடங்களைக் குறித்து ஒரு நோட்டு தயாரிக்கலாம். பழைய எண், புதிய எண், முன்பு இருந்த தொழில், தொட்டி எடுக்கப்பட்டதா இல்லையா, சொன்னவர் யார், பார்த்த பத்திரம் எது. இவ்வளவு போதும். கிடங்கு தேடி வரும் புதிய வியாபாரி சங்கத்துக்கு வந்து நோட்டைப் புரட்டிவிட்டு முடிவு செய்யட்டும்.

ஒவ்வொருவரும் தம் கடைப் பரணையும் ஒரு முறை பாருங்கள். பழைய பேரேடு, பர்மா ஷெல் ரசீது, டயர் கம்பெனி காலண்டர், லாரி வாடகைச் சீட்டு ஏதாவது இருக்கும். எடைக்குப் போடுமுன் ஒரு நிமிடம் பிரித்துப் படியுங்கள். எடைக்காரர் கிலோவுக்குப் பத்தோ பதினைந்தோ தருவார். அந்தத் தாளில் உங்கள் மனையின் உரிமையோ, பக்கத்துக் கிடங்குக்காரரின் சரக்கோ அடங்கியிருக்கலாம்.

கிடங்கு சாவியை வாங்குமுன் நான்காவது கேள்வியையும் கேளுங்கள்.